திரைப்படப் படிப்பு: வரவும் கடனும்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

முன்னுரை

மக்கள் மனத்தைக் கவரும் கலைகளுள் இன்று முன்னிற்பது திரைப்படக் கலையே என்றால் அது மிகையாகாது. கூத்தும் நாடகமும் இசையும் தழைத்த தஞ்சைத் தரணியில் பிறந்த நமக்கு அக்கலையின்மீது ஆசை எழுவதில் வியப்பில்லை. “மேலே என்ன படிக்கப் போகிறாய்?” என்று கேட்டால் டாக்டர், நர்ஸ், டீச்சர், வங்கி அதிகாரி என்பதே முன்பெல்லாம் விடையாக இருக்கும். இப்போது எங்கள் வகுப்பில் இரண்டு மூன்று பேர் “சினிமா படிப்பு” என்கிறார்கள். அவர்களுள் நானும் ஒருத்தி. ஒலிப்பதிவு படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா கோபிக்கவும் இல்லை, உடனே சம்மதிக்கவும் இல்லை. “எவ்வளவு செலவு, எவ்வளவு வரவு என்று கணக்குப் போட்டுக் காட்டு, பிறகு பேசுவோம்” என்றார். அவ்வாறு நான் போட்ட கணக்கே இக்கட்டுரை. பிளஸ் ஒன்னில் எந்தப் பிரிவை எடுப்பது என்று இந்தக் கோடையிலேயே முடிவு செய்ய வேண்டிய தோழியருக்கும் அவர்தம் பெற்றோருக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

எங்கே படிக்கலாம்?

நம் மாநிலத்தில் திரைப்படக் கல்வி புதிதன்று. சென்னையில் 1945ஆம் ஆண்டிலேயே மத்திய பாலிடெக்னிக்கின் ஒரு பிரிவாக அது தொடங்கிவிட்டது. அதுவே வளர்ந்து இன்று தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனமாக விளங்குகிறது. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் முதலிய பாடங்கள் அங்கே பட்டப் படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றன. மத்திய அரசு 1960இல் புனே நகரில், பழைய பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்தில், ஒரு திரைப்படக் கல்லூரியை நிறுவியது. 1995இல் கொல்கத்தாவில் சத்யஜித் ரே பெயரில் மற்றொன்று தோன்றியது. இவையன்றிச் சென்னையிலும் பிற நகரங்களிலும் தனியார் நிறுவனங்கள் பல உள்ளன.

அரசு நிறுவனங்களில் இடங்கள் மிகக் குறைவு. நுழைவுத் தேர்வும் நேர்காணலும் கடந்தே சேர முடியும். ஆனால் கட்டணம் தனியாரைவிடக் குறைவு. அதுவும் ஏறாமல் இருப்பதில்லை. ஆண்டுதோறும் பத்து விழுக்காடு கட்டணம் ஏறுவதை எதிர்த்து 2019 டிசம்பரில் புனே மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தனர். ஆகவே “அரசுக் கல்லூரிதானே” என்று எண்ணிக் கணக்குப் பார்க்காமல் இருந்துவிட முடியாது.

பட்டம் இருந்தும் இல்லாமலும் உயர்ந்தோர்

“சினிமாவுக்குப் பட்டம் எதற்கு?” என்று கேட்போர் உண்டு. அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. நம் திருவையாற்றில் பிறந்த டி.பி. ராஜலட்சுமி அம்மையார் நாடக மேடையிலிருந்து வந்தவர். 1931இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ படத்தின் கதாநாயகி அவரே. 1936இல் ‘மிஸ் கமலா’ என்ற படத்தைத் தாமே எழுதி, தயாரித்து, இயக்கினார். தமிழ்ப் படவுலகின் முதல் பெண் இயக்குநர் நம் காவிரிக் கரையைச் சேர்ந்தவர் என்பது நமக்கெல்லாம் பெருமையன்றோ!

நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடியில் பிறந்தவர் இயக்குநர் கே. பாலசந்தர். அவர் படித்தது விலங்கியல். சென்னையில் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகங்கள் எழுதினார், அதன் வழியே திரையுலகுக்கு வந்தார். மாதச் சம்பளம் குடும்பத்தைக் காத்தது, கலையும் வளர்ந்தது. 2010ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அவரைத் தேடி வந்தது. பி.ஆர். விஜயலட்சுமி ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்று, 1985இல் ‘சின்ன வீடு’ படத்தின் ஒளிப்பதிவாளரானார்.

மறுபக்கமும் இருக்கிறது. இலங்கை மட்டக்களப்புப் பகுதியில் பிறந்த பாலு மகேந்திரா புனே கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று தங்கப் பதக்கம் பெற்றவர். 1987இல் வெளிவந்த ‘நாயகன்’ படத்தின் ஒளிப்பதிவுக்காகத் தேசிய விருது பெற்ற பி.சி. ஸ்ரீராம் சென்னைத் திரைப்படக் கல்லூரி மாணவர். 2009இல் ஒலிக்கலவைக்காக ஆஸ்கர் விருது வாங்கிய ரசூல் பூக்குட்டியும், 2024இல் கான் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரி பரிசு பெற்ற பாயல் கபாடியாவும் புனேயில் படித்தவர்களே.

எனினும் தோழியரே, இங்கே ஒன்றை நாம் மறக்கக் கூடாது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் எண்ணற்ற தென்னைகள் சாய்ந்தன. சாயாமல் நின்ற மரங்களை மட்டும் எண்ணிப் பார்த்து “புயலால் சேதமில்லை” என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? விருது பெற்றவர்களின் பெயர் நாளேட்டில் வருகிறது. அவர்களோடு அதே வகுப்பில் அமர்ந்து படித்து, வேலை கிடைக்காமல் ஊர் திரும்பியவர்களின் பெயர் எங்கும் வருவதில்லை. ஆகவே புகழ்பெற்றோரின் கதையைக் கொண்டு கடன் வாங்க முடிவு செய்வது தகாது.

கல்விக் கடன் எப்படி வளர்கிறது?

நம் பகுதியில் கடன் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பயிர்க்கடன். கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கி, விதைத்து, அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுவிட்டுக் கடனை அடைக்கிறோம். ஆடுதுறை 43 ரகம் என்றால் சுமார் 110 நாளில் அறுவடை. மேட்டூரில் தண்ணீர் திறப்பது தாமதமாகலாம், மழை கெடுக்கலாம். ஆயினும் எந்த மாதம் பணம் வரும் என்பதை ஓரளவு சொல்லிவிடலாம். திரைப்படப் படிப்புக்கு இத்தகைய அறுவடை நாள் கிடையாது. முதல் படம் ஓராண்டில் வரலாம், ஐந்தாண்டிலும் வராமல் போகலாம். ஆனால் கடனுக்குத் தவணை நாள் தவறாமல் வந்து நிற்கும்.

வங்கிகளின் கல்விக் கடன் பொதுவாக இவ்வாறு அமைகிறது. மாணவியோடு பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். ரூ.7.5 லட்சம் வரை வழக்கமாகச் சொத்துப் பிணை கேட்பதில்லை. அதற்கு மேல் என்றால் வீடோ நிலமோ பிணை வைக்க நேரும். படிக்கும் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. இதைக் கேட்டுப் பலர் “வேலை கிடைத்த பிறகுதானே கட்டப் போகிறோம்” என்று மகிழ்கிறார்கள். தவணை மட்டுமே நிற்கிறது, வட்டி அன்று முதலே ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கே கல்விக் கடன் எளிதில் கிடைக்கும். சில மாதச் சான்றிதழ் வகுப்புகளுக்கு அது கிடைப்பது அரிது. அப்போது அம்மாவின் நகை அடகுக்குப் போகிறது. நகைக் கடன் பெரும்பாலும் ஓராண்டுக்குள் மீட்க அல்லது மறு அடகு வைக்க வேண்டிய கடன். நாம் படித்து முடிக்கும்வரை அது காத்திராது.

நெல் மூட்டையில் ஒரு கணக்கு

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு தனியார் நிறுவனத்தில் மூன்றாண்டுப் படிப்பு என்றும், கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் கடன் வாங்குவதாகவும், வட்டி நூற்றுக்குப் பத்து என்றும் வைத்துக்கொள்வோம். இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட தொகைகள். உங்கள் வீட்டுக்கு ஏற்ற தொகையைப் போட்டு நீங்களே செய்து பார்க்கலாம்.

முதலாண்டு வாங்கிய 2 லட்சத்துக்கு, தவணை தொடங்கும்வரை நான்கு ஆண்டு வட்டி ரூ.80,000. இரண்டாமாண்டுத் தொகைக்கு மூன்று ஆண்டு வட்டி ரூ.60,000. மூன்றாமாண்டுத் தொகைக்கு இரண்டு ஆண்டு வட்டி ரூ.40,000. ஆக வட்டி ரூ.1,80,000. முதல் தவணை கட்டும் நாளில் நம் கடன் 6 லட்சம் அன்று, ரூ.7,80,000. இதைப் பத்தாண்டில் அடைக்க மாதத் தவணை சுமார் ரூ.10,308 ஆகிறது. பத்தாண்டில் கட்டும் மொத்தத் தொகை ஏறக்குறைய ரூ.12,37,000. வாங்கியதைப் போல இரு மடங்குக்கும் சற்று அதிகம்!

இந்தத் தவணையை நெல்லாக மாற்றிப் பார்த்தேன். 2024–25 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.2,300 (மாநில அரசின் ஊக்கத்தொகை தனி). அதன்படி அறுபது கிலோ மூட்டை ஒன்று ரூ.1,380. மாதத் தவணைக்கு ஏழரை மூட்டை, ஆண்டுக்குச் சுமார் 90 மூட்டை வேண்டும். எங்களுக்கு இருப்பது ஆறு மா நிலம். மாவுக்குப் பத்து மூட்டை கண்டால் அது நல்ல விளைச்சல் என்று அப்பா சொல்வார். ஆறு மாவும் முழுமையாக விளைந்தாலும் ஒரு போகத்துக்கு 60 மூட்டைதான். எனவே ஓராண்டுத் தவணைக்கு ஒன்றரைப் போகத்து நெல் முழுவதும் போய்விடும். உழவுக் கூலி, நடவுக் கூலி, உரம், அறுவடை மிஷின் வாடகை ஆகியவற்றை நான் இதில் சேர்க்கவே இல்லை. “உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது” என்ற பழமொழியின் பொருள் இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்கு நன்கு விளங்கியது.

அதே கணக்கில் கால் பங்குக் கடன், அதாவது ஆண்டுக்கு ரூ.50,000 மட்டும் வாங்கினால் மாதத் தவணை சுமார் ரூ.2,577. இரண்டு மூட்டை நெல்லுக்கும் குறைவு. கட்டணம் குறைந்த கல்லூரியில் இடம் பிடிக்க ஓராண்டு கூடுதலாகக் காத்திருந்து தயாரானாலும் அந்த ஓராண்டு வீணாகாது என்பது இதனால் தெரிகிறது.

மற்றொரு வழியும் உண்டு. படிக்கும்போதே வட்டியை மட்டும் வீட்டார் கட்டி வந்தால் (முதலாண்டில் மாதம் ரூ.1,667, பிறகு ரூ.3,333, அதன்பின் ரூ.5,000) தவணை ரூ.7,929 ஆகக் குறைகிறது. கட்டிய வட்டியையும் சேர்த்துப் பார்த்தாலும் முடிவில் ஒரு லட்சத்துக்கு மேல் மிச்சமாகிறது.

வரவு எப்படி?

திரைப்படத் தொழிலில் பெரும்பாலான வேலைகளுக்கு மாதச் சம்பளம் கிடையாது. படத்துக்கு இவ்வளவு என்று பேசுவார்கள், அல்லது வேலை செய்த நாளுக்குச் சம்பளமும் பேட்டாவும் தருவார்கள். ஒரு படம் முடிந்து அடுத்த படம் தொடங்கும்வரை கையில் வரவு இராது. ஒருவர் வேலையுள்ள மாதத்தில் ரூ.20,000 பெறுகிறார் என்றும், ஆண்டில் எட்டு மாதம் வேலை இருக்கிறது என்றும் கொள்வோம். ஆண்டு வரவு ரூ.1,60,000. பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் ரூ.13,333. பெரிய கடனின் தவணையைக் கட்டினால் மீதம் ரூ.3,025. சென்னையில் அறை வாடகை, சாப்பாடு, பஸ் செலவு எல்லாம் அந்த மூவாயிரத்தில் அடங்குமா? சிறிய கடனாயின் மீதம் ரூ.10,756. தோழிகளோடு அறையைப் பகிர்ந்துகொண்டு சிக்கனமாக வாழ்ந்துவிடலாம். இருவருக்கும் திறமை ஒன்றே, ஆசையும் ஒன்றே. கடன் ஒன்றுதான் வேறு. ஒருவர் நல்ல வாய்ப்பு வரும்வரை காத்திருக்க முடியும், மற்றவர் காத்திருக்க முடியாது.

எங்கள் ஊரில் ஓர் அண்ணன் தனியார் நிறுவனம் ஒன்றில் இயக்குநர் படிப்புப் படித்தார். கதை எழுதும் திறமை உள்ளவர். இரண்டு படங்களில் உதவி இயக்குநராக இருந்தார். ஒரு படம் பாதியில் நின்றது. தவணை கட்ட வேண்டியதால் ஊர் திரும்பி இப்போது கல்யாண வீடியோ எடுக்கிறார். அது குறைவான தொழில் அன்று, அதில்தான் கடனை அடைத்துக்கொண்டிருக்கிறார். “படிப்பு எனக்கு உதவியது. கடன்தான் என்னை அவசரப்படுத்திவிட்டது” என்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

தொழிலே மாறிவிடும் அபாயமும் உண்டு. முன்பு சென்னைக் கல்லூரியில் பிலிம் பிராசஸிங் என்பதே ஒரு தனிப் படிப்பு. டிஜிட்டல் முறை வந்தபின் பிலிம் கழுவும் லேப்கள் மூடப்பட்டன. 2012இல் கோடாக் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. 2013இல் புஜி நிறுவனம் சினிமா பிலிம் தயாரிப்பதை நிறுத்தியது. பத்தாண்டுக் கடன் முடியுமுன் கற்ற தொழிலே மறையக்கூடும். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது படப்பிடிப்புகள் எல்லாம் நின்றன. அப்போது ரிசர்வ் வங்கி சில மாதங்கள் தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தது. ஆனால் அந்த மாதங்களிலும் வட்டி ஓடியது.

செல்வ நாட்டிலும் இதே கதை

இது ஏழை நாட்டின் துன்பம் மட்டுமன்று. 2021 ஜூலையில் அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளேடு ஒரு செய்தி வெளியிட்டது. உலகப் புகழ்பெற்ற கொலம்பியா பல்கலைக்கழகத்தில் திரைப்பட முதுகலை முடித்து, அரசுக் கடன் வாங்கியிருந்தவர்களின் இடைநிலைக் கடன் 1,81,000 டாலர். அதாவது பாதிப் பேருக்கு அதற்கும் மேல் கடன். பட்டம் பெற்று இரண்டாண்டு கழித்து அவர்களுள் பாதிப் பேரின் ஆண்டு வருமானம் 30,000 டாலருக்கும் குறைவு. கல்லூரியின் பெயர் எவ்வளவு பெரியதாயினும் அது கடனைக் குறைக்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பெண்களுக்கு ஒரு தனிக் கணக்கு

இதுவரை படித்தவர்கள் “அப்படியானால் படிப்பே வேண்டாம், நேராகப் போய் உதவியாளராகச் சேர்ந்துவிடலாமே” என்று கேட்கலாம். ஆண்பிள்ளைகளுக்கு அந்த வழி ஓரளவு திறந்திருக்கிறது. வடபழனியிலோ சாலிகிராமத்திலோ ஐந்தாறு பேர் ஓர் அறையில் தங்கி, நாள்தோறும் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி வாய்ப்புத் தேடுகிறார்கள். ஒரு பெண் அவ்வாறு செய்வது எவ்வளவு கடினம் என்பது நம் பெற்றோருக்குத் தெரியும். மலையாளப் படவுலகில் பெண்கள் நிலையை ஆராய்ந்த நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானது. படப்பிடிப்புத் தளங்களில் கழிப்பறையும் உடை மாற்றும் இடமும்கூட இல்லாத நிலையை அது எடுத்துக் கூறியது.

ஆகவே பெண்ணுக்குக் கல்லூரி ஒரு பட்டத்தை மட்டும் தருவதில்லை. பாதுகாப்பான விடுதி, கருவிகளைத் தொட்டுப் பழகும் உரிமை, துணை நிற்கும் ஆசிரியர்கள், உடன் படித்தோரின் நட்பு ஆகிய நான்கையும் தருகிறது. அண்ணன்களுக்குச் செலவில்லாமல் கிடைப்பதை நாம் கட்டணம் கொடுத்துப் பெறுகிறோம் என்றுகூடச் சொல்லலாம். அது நியாயமா என்பது வேறு கேள்வி. ஆனால் “பெண்பிள்ளைக்கு இது தேவையா?” என்று கேட்போர்க்கு, பெண்பிள்ளைக்குத்தான் இப்படிப்பு கூடுதலாகத் தேவை என்பதே என் பதில்.

கையெழுத்திடுமுன் கேட்க வேண்டியவை

நான் கேட்டும் படித்தும் அறிந்தவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா? தருவது பட்டமா, வெறும் சான்றிதழா?

2. சென்ற மூன்றாண்டில் படித்து முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? சுவரில் படம் மாட்டியுள்ள ஒருவரைப் பற்றி அன்று, வகுப்பில் இருந்த அத்தனை பேரைப் பற்றியும் கேட்க வேண்டும்.

3. கட்டணத்தில் கேமரா வாடகையும் இறுதியாண்டுக் குறும்படச் செலவும் அடங்குமா? இவற்றைப் பின்னர் தனியே கேட்பதுண்டு.

4. கற்கும் தொழில் சினிமாவுக்கு வெளியேயும் சோறு போடுமா? படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, ஒளிப்பதிவு தெரிந்தவர்களுக்குத் தொலைக்காட்சி, விளம்பரம், கல்வி வீடியோ என்று வேறு கதவுகள் உண்டு. இயக்கம் மட்டும் கற்றவருக்குக் கதவுகள் குறைவு.

5. உதவித்தொகை உண்டா? குறைந்த வருமானக் குடும்பத்துக்குத் தவணை தொடங்கும்வரை வட்டியை அரசே ஏற்கும் மத்திய அரசுத் திட்டம் 2009இல் தொடங்கியது. நம் படிப்பு அதில் அடங்குமா என்று வங்கியில் கேட்டு எழுத்தில் பெற வேண்டும். அரசுப் பள்ளி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கி, 2024 டிசம்பரில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தோருக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

6. தவணை, சராசரி மாத வரவில் ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்குமா? நல்ல மாதத்து வரவைக் கணக்கில் கொள்ளக் கூடாது. வேலையில்லாத மாதங்களையும் சேர்த்தே சராசரி காண வேண்டும். மேலே சொன்ன சிறிய கடன் இந்த எல்லையை ஒட்டி நிற்கிறது, பெரிய கடன் முக்கால் பங்கை விழுங்குகிறது.

முடிவுரை

இக்கணக்கைப் போட்டு முடித்து அப்பாவிடம் காட்டினேன். நாங்கள் எடுத்த முடிவு இதுதான். பிளஸ் ஒன்னில் இயற்பியல் உள்ள பிரிவை எடுக்கிறேன். ஒலிப்பதிவுப் படிப்புக்குப் பிளஸ் டூவில் இயற்பியல் கேட்கிறார்கள். பிறகு தரமணி அரசு நிறுவனத்துக்கு விண்ணப்பிப்பேன். இடம் கிடைக்காவிட்டால் தஞ்சை குந்தவை நாச்சியார் அரசு மகளிர் கல்லூரியிலோ அதுபோன்ற வேறொன்றிலோ இயற்பியல் பட்டம் பெறுவேன். புனே கல்லூரிக்குப் பட்டம் பெற்ற பின்னரே விண்ணப்பிக்க முடியுமாதலால் அந்த மூன்றாண்டும் வீண்போகாது. எதுவாயினும் ஆறு மா நிலத்தைப் பிணை வைப்பதில்லை. இந்த ஒன்றை நானே முதலில் சொன்னேன்.

“கடனில்லாக் கஞ்சி கால் வயிறு” என்பர் பெரியோர். கடனே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. விதை நெல்லுக்குக் கடன் வாங்காத உழவர் நம் பகுதியில் யார்? ஆனால் எந்த உழவரும் நிலத்தின் அளவு தெரியாமல் விதை வாங்குவதில்லை. அன்புத் தோழியரே, உங்கள் ஆசையைப் பெற்றோரிடம் சொல்லத் தயங்காதீர்கள். சொல்லும்போது கையில் ஒரு தாளும் பென்சிலும் கொண்டு செல்லுங்கள். பெற்றோர்களே, மகள் “சினிமா” என்றவுடன் கதவை அடைத்துவிடாமல், அவளோடு அமர்ந்து கணக்கைப் பாருங்கள். எங்கள் வீட்டில் அப்பா அதைத்தான் செய்தார்.